இல்லத்திற்கு ஒரு பசுமைப் பேரேடு

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதத்தில் எங்கள் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களுள் சிலர், "இந்த ஆண்டு முதல் கட்டாயம் சேமிக்கப் போகிறேன்" என்று கூறித் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்குவார்கள். வேறு சிலர் அதே உறுதியைக் கூறுவார்கள். ஆனால் கணக்கு எதுவும் தொடங்காமல் விடைபெறுவார்கள். டிசம்பர் மாதத்தில் யாரிடம் பணம் சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மனவுறுதியில் இவ்விருவருக்கும் வேறுபாடு இருந்ததாக நான் கருதவில்லை. ஒருவருடைய எண்ணத்திற்குத் தொகை, தேதி, பேரேட்டில் ஒரு பக்கம் ஆகிய மூன்றும் கிடைத்தன. மற்றவருடைய எண்ணத்திற்கு அவை கிடைக்கவில்லை.

சுற்றுச்சூழலுக்கு இசைந்த முறையில் இல்லத்தை நடத்த வேண்டும் என்ற தீர்மானத்திற்கும் இதுவே பொருந்தும். 2021 நவம்பரில் கிளாஸ்கோ நகரில் நடைபெற்ற ஐ.நா. பருவநிலை மாநாட்டில் நம் பிரதமர் 'லைஃப்' எனப்படும் 'சுற்றுச்சூழலுக்கேற்ற வாழ்க்கைமுறை' என்னும் கருத்தை முன்வைத்தார். 2022 அக்டோபரில் அது இயக்கமாகத் தொடங்கப்பட்டது. அதன் அடிப்படை, தனிமனிதரின் அன்றாடப் பழக்கங்களே. பழக்கத்தை மாற்ற நாம் அனைவரும் விரும்புகிறோம். அவ்விருப்பம் பிப்ரவரி மாதத்தைத் தாண்டி நிலைக்க என்ன செய்யலாம் என்பதை, கணக்குப் பதிவியல் கற்ற ஒருவனின் நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றுப்போன ஒரு பட்டியல்

முதலில் என் தோல்வியைக் கூறிவிடுகிறேன். பணிமாற்றத்தின் காரணமாக நாங்கள் பெங்களூருவில் ஓர் அடுக்ககத்தில் வசிக்கிறோம். நான், என் மனைவி, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள், இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் என் தாயார் என நால்வர். 2023 புத்தாண்டு நாளில் பதினொரு தீர்மானங்களை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். தண்ணீரை வீணாக்குவதில்லை, மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது, நெகிழியைத் தவிர்ப்பது என்று அவை நீண்டன. துணிப்பைகள், எஃகுப் புட்டிகள், மூங்கில் பல்துலக்கிகள் ஆகியவற்றை வாங்கினோம். வீட்டில் நன்றாகவே இருந்த பழைய புட்டிகளை அகற்றிவிட்டுத்தான் புதியவற்றை வாங்கினோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மார்ச் மாதத்திற்குள் அந்தப் பட்டியலின் மேல் பால் கணக்குச் சீட்டும் மகளின் தேர்வு அட்டவணையும் ஏறிவிட்டன. ஆண்டு முடிவில் நாங்கள் எவ்வளவு தண்ணீரையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தினோம் என்று யாரேனும் கேட்டிருந்தால், என்னால் விடை கூற இயன்றிராது. தொடங்கும்போது எவ்வளவு செலவழித்துக்கொண்டிருந்தோம் என்பதே எனக்குத் தெரியாது.

பாடம் 1: தொடக்க இருப்பை எழுதுக

2024ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூருவில் ஏற்பட்ட தண்ணீர்ப் பஞ்சத்தை வாசகர்கள் நாளேடுகளில் படித்திருப்பார்கள். முந்தைய ஆண்டு பருவமழை பொய்த்ததால் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. குடிநீரைக் கொண்டு வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று நகரக் குடிநீர் வாரியம் அறிவித்தது. எங்கள் அடுக்ககத்தின் இரு கிணறுகளுள் ஒன்று வறண்டது. தண்ணீர் லாரிக்காக வாயிற்காவலர் இரவெல்லாம் விழித்திருந்தார்.

அதுவரை எங்கள் குடியிருப்பில் தண்ணீருக்குத் தனிக் கட்டணம் கிடையாது. வீட்டின் சதுர அடிக்கேற்ப அது பராமரிப்புத் தொகையிலேயே அடங்கியிருந்தது. இருவர் வாழும் வீடும் அறுவர் வாழும் வீடும், சிக்கனமாக இருப்பவரும் இல்லாதவரும் ஒரே அளவில் செலுத்தினர். சிக்கனம் பற்றிக் கூட்டங்களில் அதிகம் பேசியவர்களுள் நானும் ஒருவன். ஒரு நாள் அவ்வாறு பேசிவிட்டு வந்தபோது என் தாயார் கேட்டார்: "தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை குடம் புழங்குறோம்னு தெரியுமா? அது தெரியாம எதைக் குறைப்ப?"

ஊரில் தலையிலும் இடுப்பிலும் சுமந்து வந்த காலத்தில் அவருக்கு அக்கணக்கு துல்லியமாகத் தெரியும். எனக்குத் தெரியாது.

அக்கோடைக்குப் பின் குடியிருப்போர் சங்கம் பெரும் விவாதத்திற்கு இடையே வீடுதோறும் தண்ணீர் மீட்டர் பொருத்தியது. எங்கள் வீட்டின் முதல் மாத அளவு 27,000 லிட்டர்; அதாவது ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர். நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கு நம் நாட்டில் கொள்ளப்படும் அளவு ஆளுக்கு 135 லிட்டரே. நாங்கள் சிக்கனமான குடும்பம் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

சூழலியல் அறிஞர் டொனெல்லா மெடோஸ் தம் நூலில் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். ஆம்ஸ்டர்டாம் அருகே ஒரே மாதிரியாகக் கட்டப்பட்ட வீடுகளுள் சிலவற்றில் மின் மீட்டர் நிலவறையிலும், சிலவற்றில் நுழைவாயில் கூடத்திலும் பொருத்தப்பட்டிருந்தனவாம். கூடத்தில் மீட்டர் இருந்த வீடுகளில் மின்பயன்பாடு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்ததாம். போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட்ட எண்ணைத் தவிர வேறு வேறுபாடு எதுவும் இல்லை.

எனவே முதற்பணி அளப்பதே. மின் மீட்டரின் எண், தண்ணீர் மீட்டரின் எண் அல்லது மேல்நிலைத் தொட்டி நிரம்பும் தடவைகள், 14.2 கிலோ எரிவாயு உருளை எத்தனை நாள் வருகிறது என்பது, வாரத்தில் எத்தனை வாளி குப்பை வெளியேறுகிறது என்பது ஆகிய நான்கும் போதும். ஒரு மாதம் எதையும் மாற்றாமல் இவற்றை மட்டும் எழுதி வாருங்கள்.

பாடம் 2: பெரிய செலவை முதலில் காண்க

தணிக்கையாளர் ஒவ்வொரு சீட்டையும் ஒரே கவனத்தோடு பார்ப்பதில்லை. கணக்கின் போக்கை மாற்றக்கூடிய தொகைகளையே முதலில் தேடுவார். இல்லத்திலும் அவ்வாறே தேட வேண்டும். நம் தீர்மானங்களுள் பல, கண்ணுக்கு எளிதில் புலப்படும் சிறு செலவுகளைப் பற்றியனவாகவே அமைந்துவிடுகின்றன.

செல்பேசியின் மின்னேற்றியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்பது எங்கள் பட்டியலில் நான்காவது தீர்மானம். இக்காலத்து நல்ல மின்னேற்றி ஒன்றைச் செல்பேசி இணைக்காமல் ஆண்டு முழுவதும் செருகியே வைத்திருந்தாலும் அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ 2 யூனிட்தான். மறுபுறம், ஒன்றரை டன் குளிர்சாதனக் கருவி மணிக்குச் சுமார் ஒரு யூனிட் எடுப்பதாகக் கொள்வோம். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் வாரியம் கூறுகிறது. 20 டிகிரியில் எட்டு மணி நேரம் ஓடும் கருவியை 24 டிகிரிக்கு மாற்றினால் ஓர் இரவிலேயே ஏறத்தாழ 2 யூனிட் மிச்சம். மின்னேற்றியின் ஓராண்டுக் கணக்கு ஓர் இரவில் தீர்ந்துவிடுகிறது. 2020 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் அறைக் குளிர்சாதனக் கருவிகள் 24 டிகிரியிலேயே இயங்கத் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்ற விதி வந்ததன் காரணம் இப்போது விளங்கும்.

தண்ணீர்க் கணக்கில் எங்கள் வீட்டின் பெரிய செலவைக் கண்டறிந்தவள் என் மகள். ஒரு வாரம் ஒவ்வொருவரும் குளிப்பதற்கு முன்பும் பின்பும் மீட்டரைப் பார்த்துக் குறித்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வாசித்த சராசரி இது: அப்பத்தா 22 லிட்டர், அம்மா 45, தான் 60, அப்பா 110. பேரேட்டைப் பற்றி ஊருக்கெல்லாம் கூறும் அப்பா, பன்னிரண்டு நிமிடம் நீர்த்தூவலின் கீழ் நின்றிருக்கிறார். அன்று உணவு மேசையில் நான் அதிகம் பேசவில்லை.

குளியலறையின் கணக்கு தண்ணீரோடு முடிவதில்லை. 100 லிட்டர் நீரை 20 டிகிரி சூடேற்ற 2.3 யூனிட் மின்சாரம் தேவை. ஒரு வாளியாகிய 20 லிட்டருக்கு அரை யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு யூனிட்டுக்கும் நம் மின்கட்டமைப்பில் சராசரியாக 0.7 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளியேறுகிறது. நம் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. ஒரு மனிதரின் நீண்ட குளியல் தண்ணீர், மின்சாரம், கரியமில வாயு என மூன்று பேரேடுகளில் பற்று எழுதுகிறது.

சமையலறையில் கவனிக்க வேண்டியது உணவு. நம் நாட்டில் இல்லங்களில் ஆளொருவருக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிடுகிறது. நால்வர் கொண்ட குடும்பத்திற்கு அது 220 கிலோ. அதை விளைவிக்கச் செலவான நீரோடு ஒப்பிட்டால் நம் குழாயடிச் சிக்கனம் சிறிதாகத் தோன்றும். எங்கள் வீட்டில் வாரம் ஒரு முறை, காய்கறி வாங்கும் முன், குளிர்பதனப் பெட்டியில் எஞ்சியவற்றைக் கொண்டு கூட்டோ சாம்பாரோ வைத்து முடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டோம். எஞ்சும் தோல்களும் தண்டுகளும் மாடத்தில் உள்ள மண்கல உரத்தொட்டிக்குச் செல்கின்றன.

பாடம் 3: தீர்மானத்தைப் பத்திரம் போல் எழுதுக

'தேவைப்படும்போது திருப்பித் தருவேன்' என்று எழுதிய கடன் பத்திரத்தை எந்த வங்கியும் ஏற்காது. தேதியும் தவணையும் வேண்டும். 'தண்ணீரை வீணாக்க மாட்டேன்' என்பதும் அத்தகைய தேதியில்லாப் பத்திரமே.

ஜெர்மானிய உளவியல் அறிஞர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் இதனை ஆராய்ந்தார். ஒரு குறிக்கோளை மட்டும் கொண்டவர்களைவிட, 'இன்ன நேரம் வந்தால் இன்னதைச் செய்வேன்' என்று சூழலையும் செயலையும் இணைத்து உறுதி எடுத்தவர்கள் அதனைக் கூடுதலாக நிறைவேற்றினர் என்பது அவருடைய முடிவு. அந்நேரம் வரும்போது மனம் புதிதாக ஆலோசிக்க வேண்டியதில்லை. முன்பே எடுத்த முடிவு தானாக நினைவுக்கு வந்துவிடுகிறது.

எனவே எங்கள் பழைய பட்டியலைக் கிழித்துவிட்டு மூன்று வரிகளை மட்டும் எழுதினோம். குளியலறைக்குள் சென்றதும் வாளியைக் குழாயடியில் வைப்பது. படுக்கையறைக் கருவியை இயக்கியவுடன் 25 டிகிரியும் மூன்று மணி நேரக் கெடுவும் வைத்து, மின்விசிறியை உடன் ஓடவிடுவது. இரவு உணவு முடிந்ததும் ஈரக் கழிவையும் உலர் கழிவையும் அப்போதே பிரித்துவிடுவது. கழிவைப் பிரித்தல் திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி ஏற்கெனவே நம் கடமையாகும். இரவு உணவோடு இணைத்த பின்னரே அது எங்கள் பழக்கமாயிற்று.

சில மாற்றங்களை மனத்திடம் விடாமல் கருவியிடமே ஒப்படைத்துவிடலாம். குழாய் முனையில் பொருத்தும் காற்றுக்கலப்பி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நீரோட்டத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. வினாடிக்கு ஒரு துளி சொட்டும் குழாய் நாளொன்றுக்கு 20 லிட்டருக்கு மேல் இழக்கிறது. புதிய வாஷர் ஒன்று அதனை நிறுத்திவிடும். ஒரு முறை செய்துவிட்டால் நாள்தோறும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத இவை, தானியங்கித் தவணை ஆணை போன்றவை.

பாடம் 4: முதலீட்டின் மீட்புக் காலத்தைக் கணக்கிடுக

பழைய மேல்விசிறி ஒன்று சுமார் 75 வாட் எடுக்கிறது. 'பி.எல்.டி.சி.' வகை விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. நாளுக்கு 15 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடும் கூடத்து விசிறியை மாற்றினால் மிச்சம் 200 யூனிட்டுக்கு மேல். யூனிட் 7 ரூபாய் எனில் ஆண்டுக்கு 1,400 ரூபாய். விசிறியின் விலை 3,000 ரூபாய் எனில் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் முதல் திரும்பிவிடுகிறது. வங்கி அலுவலனாக இருந்தும் கூறுகிறேன்: எந்த நிலையான வைப்பும் இந்த வருவாயைத் தராது.

ஆனால் அதே விசிறியை, நாளுக்கு ஒரு மணி நேரமே ஓடும் விருந்தினர் அறையில் மாற்றினால் ஆண்டு மிச்சம் 100 ரூபாயை எட்டாது. போட்ட முதல் திரும்ப முப்பது ஆண்டுகள் ஆகும். பொருள் ஒன்றே, ஓடும் நேரம் வேறு. பசுமைப் பொருள் என்று விளம்பரப்படுத்தப்படுவதை வாங்கும் முன், 'என் வீட்டில் இது எத்தனை மணி நேரம் பயன்படும்?' என்று கேட்பது நன்று. நல்ல நிலையில் உள்ள பொருளைத் தூக்கி எறிவதும் ஒரு செலவே. அப்பொருளை உருவாக்கச் செலவான மூலப்பொருளும் ஆற்றலும் அதனோடு போய்விடுகின்றன.

சொந்தக் கூரை உடையவர்களுக்குப் பெரிய முதலீடு ஒன்று உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் ஒரு கோடி இல்லங்களை இலக்காகக் கொண்டது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் என அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் வழங்கப்படுகிறது. நிழல் விழாத கூரையில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அடுக்ககங்களின் பொதுப் பயன்பாட்டிற்கும் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. 3 கிலோவாட் வரையிலான அமைப்புக்குப் பிணையின்றிக் குறைந்த வட்டியில் வங்கிக் கடன் பெறலாம். ஆயினும் வரிசை முக்கியம். முதலில் பயன்பாட்டைக் குறையுங்கள். பிறகு சூரியத் தகடு வாங்குங்கள். 280 யூனிட் தேவைப்படும் வீடு 200 யூனிட்டில் இயங்கப் பழகிவிட்டால் மூன்று கிலோவாட்டுக்குப் பதில் இரண்டே போதுமாகலாம்.

பாடம் 5: மிச்சம் கரைந்துபோகாமல் காக்க

வணிகவியல் மாணவர்கள் இறுதிநிலைப் பயன்பாட்டுக் கோட்பாட்டில் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பெயரைப் படித்திருப்பார்கள். 1865இல் அவர் நிலக்கரி பற்றி எழுதிய நூலில் விந்தையான ஓர் உண்மையைச் சுட்டினார். நீராவி எந்திரங்கள் திறன் மிக்கவையாக மாறியபோது இங்கிலாந்தில் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது. எந்திரத்தை இயக்குவது மலிவானதால் மேலும் பல இடங்களில் அது பயன்பட்டது.

இதனை என் வீட்டிலேயே கண்டேன். 2023 கோடையில் ஐந்து நட்சத்திரக் குளிர்சாதனக் கருவி வாங்கினோம். பழைய கருவி கட்டண அச்சத்தால் இரவில் இரண்டு மணி நேரமே ஓடியது. புதியது சிக்கனமானது என்ற நிம்மதியில் விடியும் வரை ஓடியது, பிற்பகலிலும் ஓடியது. மே மாதக் கட்டணம் முந்தைய ஆண்டைவிட உயர்ந்தது. கருவி தன் கடமையைச் செய்தது. எங்கள் கணக்கில்தான் மிச்சத்திற்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

ஆதலால் மிச்சமாகும் தொகை எங்கே செல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்க. எங்கள் வீட்டில் மின்சாரம், தண்ணீர் இரண்டிலும் மாதம் ஏறத்தாழ 900 ரூபாய் குறைந்தது. அத்தொகைக்குத் தனித் தொடர் வைப்பு தொடங்கினோம். அது முதிர்ந்ததும் மூன்று விசிறிகள் மாறின. இப்போது அடுத்த தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. அது எதற்கு என்று மகளும் அப்பத்தாவும் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மாத இறுதித் தணிக்கை

ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று மகள் இரு மீட்டர்களையும் படித்து நோட்டில் எழுதுகிறாள். ஐந்து நிமிட வேலை. எண் கூடியிருந்தால் காரணம் கேட்கிறோம், குற்றவாளியைத் தேடுவதில்லை. சென்ற தீபாவளி மாதத்தில் உறவினர் வருகையால் தண்ணீர் கூடியது. அதை அப்படியே எழுதி வைத்தோம். 27,000 லிட்டரில் தொடங்கிய கணக்கு, ஒன்பது மாதங்களில் 16,000 லிட்டருக்கு வந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 133 லிட்டர். என் தாயார் இன்றும் எங்கள் எல்லோரையும்விடக் குறைவாகவே பயன்படுத்துகிறார். அவருக்கு இதில் கற்க வேண்டியது எதுவும் இல்லை. அவரிடமிருந்து நாங்கள் கற்க வேண்டியது இன்னும் இருக்கிறது.

ஒரு குடும்பத்தின் 11,000 லிட்டரால் ஒரு நகரத்தின் தாகம் தீர்ந்துவிடாது. எங்கள் அடுக்ககத்தில் மீட்டர் வந்த பின் பல வீடுகளில் அளவு குறைந்தது. இவ்வாண்டுக் கோடையில் லாரிகளின் வருகையும் குறைந்தது. இரவில் விழித்திருந்த அந்த வாயிற்காவலர் இப்போது உறங்குகிறார். சிறு வைப்புகள் சேர்ந்துதான் வங்கியின் பெருந்தொகை ஆகிறது என்பதை நம் வாடிக்கையாளர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இம்மாதப் பயிற்சி

1. முதல் வாரம்: மின், தண்ணீர் மீட்டர் எண்களைத் தேதியோடு எழுதுக. எரிவாயு உருளை மாற்றிய நாளையும் குறிக்க.

2. இரண்டாம் வாரம்: ஒவ்வொரு மின்கருவியின் வாட் அளவையும் அது ஓடும் மணி நேரத்தையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க. கிடைப்பது யூனிட். பெரிய மூன்று எண்களின் கீழ்க் கோடிடுக.

3. மூன்றாம் வாரம்: அம்மூன்றனுள் ஒன்றுக்கு மட்டும், 'இன்ன நேரத்தில் இன்னது செய்வோம்' என்ற ஒரே வரியை எழுதி, அச்செயல் நடக்கும் இடத்திலேயே ஒட்டுக.

4. நான்காம் வாரம்: மிச்சமாகக்கூடிய தொகையை மதிப்பிட்டு, அது எந்தக் கணக்கிற்குச் செல்லும் என்று குடும்பத்தாரோடு அமர்ந்து முடிவு செய்க.

5. அடுத்த மாதம் முதல் தேதி: மீண்டும் மீட்டரைப் படிக்க. முதல் தீர்மானம் பழக்கமான பிறகே இரண்டாவதைத் தொடங்குக.

புத்தாண்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை. இவ்விதழ் கைக்குக் கிட்டிய நாளிலேயே மீட்டர் அருகே சென்று, அங்குள்ள எண்ணையும் அன்றைய தேதியையும் எழுதிவிடுங்கள். தொடக்க இருப்பு எழுதப்பட்டுவிட்டால் கணக்கு தொடங்கிவிட்டது என்று பொருள்.